ஏழாவது கார்டு

ஜூன் 24, திங்கள்

இன்று வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட வேண்டியிருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் சர்க்கரை கம்மியாகப் போடு என்று சொல்ல மட்டும் மறப்பதில்லை.

பெனிட்டா இறந்து இன்றோடு பத்து நாள். கல்லணை ரோட்டில், வண்டியில் போகும்போது. வயது இருபத்து மூன்று. எழுதியாகிவிட்டது. இனி இதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

எட்டரைக்கே போய்விட்டேன். பதிப்பகம் மேலப்புதூரில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடி. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதி போடுகிறோம். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதே நாற்காலி. ஒரு சொல்லை எடுத்தால் அதே அர்த்தத்தில் வரும் மற்ற சொற்களை எழுத வேண்டும், பிறகு அந்தச் சொல் அன்றாடப் பேச்சில் எப்படி வருகிறது என்று ஏழு வாக்கியங்கள். வாக்கியத்தை உட்கார்ந்து யோசித்து எழுதக் கூடாது, யாராவது உண்மையிலேயே வாயால் சொன்னதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனர் சிங்கராயர் ஐயா வைத்துவிட்டுப் போன சட்டம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கார்டு. கார்டின் கீழ் மூலையில் யார் சொன்னது, எங்கே, என்ன தேதி, என்ன மணி என்று குறிக்க வேண்டும். பொய் வாக்கியம் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். நான் வரும்போது ஐயாவுக்குக் கண் தெரியாமல் போயிருந்தது, ஆனாலும் பயந்தோம்.

ஒன்பதரைக்குத் துரைக்கண்ணு சார் வந்தார். மெய்ப்புப் பார்ப்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்தார், பிறகு அதையே மூடினார். விட்ட இடம் எது என்று கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன். ஃபிரெண்ட் என்ற சொல்லில் நிற்கிறது என்றார். பெட்டியை எடுத்து எண்ணினார். ஆறு கார்டு இருந்தது.

"ஏழுன்னு பதிவேட்டுல நீங்களே டிக் போட்டிருக்கீங்களேம்மா."

அந்த அவசரத்தில் எங்கோ விழுந்திருக்கும், பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்று பேருக்கு அளவாக அரிசி ஊறப் போட்டிருக்கிறேன். மாவு மிஞ்சிப் புளித்துவிட்டது.

ஜூன் 26, புதன்

என் வீட்டுக்காரர் லூர்துசாமி இன்றும் பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போகவில்லை. காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார். முதல் தகவல் அறிக்கையின் நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார். இவ்வளவு ஊன்றி அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

அதில் உள்ளது சங்கவி சொன்னது. சங்கவி பெனிட்டாவோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். நர்ஸிங் முடித்திருக்கிறாள். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி அவள் அண்ணனுடையது, கியர் வண்டி. பெனிதான் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், நாய் ஒன்று குறுக்கே வந்தது, பிரேக் பிடித்ததில் வண்டி சரிந்து எதிரே வந்த டிராக்டரில் மோதியது. இதுதான் அவள் வாக்குமூலம். அவளுக்கு வலது கை எலும்பு முறிந்திருக்கிறது.

அவர் இதை ஒரு வரிகூட நம்பவில்லை.

"நம்ம புள்ள கியர் வண்டியத் தொட்டதே இல்ல. இந்தப் பொண்ணு ஓட்டி விழுத்தாட்டிட்டு, செத்தவ வந்து பேச மாட்டான்னு அவ மேல போடுது."

சங்கவிமேல் மனு கொடுக்கப் போகிறாராம். அவள் ஓட்டியதால்தான் உயிர் போனது என்று. நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச்சில் எங்கள் பூசை முடிந்ததும் பெனியும் சங்கவியும் ரயில்வே கிரவுண்டுக்குப் போவார்கள். பெனி அங்கேதான் அந்த வண்டியை ஓட்டிப் பழகினாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்த அன்று நான்தான் மருந்து போட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதம்மா என்றாள். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சிங்கராயர் ஐயாவின் இன்னொரு சட்டம்: வாக்கியத்தில் ஆள் பெயர் வந்தால் அது இங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டில் உள்ளவர் பெயராக இருக்க வேண்டும். புதுப் பதிப்பு வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் அதில் தங்கள் பெயரைத் தேடுவார்கள். அகராதியை அப்படியாவது முழுக்கப் புரட்டட்டும் என்று ஐயா நினைத்தார்போல. பெனி ஆறு வயதில் குடை என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரைக் கண்டுபிடித்து, எனக்குக் குடையே இல்லையே, ஏன் பொய் எழுதினாய் என்று கேட்டாள். மறுநாளே போய்ச் சிவப்பில் ஒன்று வாங்கினோம்.

மூன்றாவது சட்டம்: இறந்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கக் கூடாது.

துரைக்கண்ணு சார் மதியம் வரை என் மேசைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். எந்தப் பக்கம், எந்த வரி என்று நீலப் பென்சிலில் பட்டியல். பெனிட்டா இருநூற்றுப் பதினான்கு இடத்தில் இருக்கிறாள்.

"நானே மாத்திடுறேம்மா. நீங்க பாக்க வேணாம்."

வேண்டாம், நான் செய்கிறேன் என்றேன். அவர் போகாமல் நின்றார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டம்மா பேரையும் நானேதான் அடிச்சேன், அறுபத்தோரு இடம் என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிற்பகலில் நாற்பது இடம் முடித்தேன். ஆப்பிளை இனி எங்கள் டிசைனரின் மகன் சாப்பிடுவான். கதவைக் கணக்கர் மகள் தட்டுவாள். வேலை சுலபமாகத்தான் இருக்கிறது. பெயரின் நீளம் ஒத்துவந்தால் வரி உடைவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பூசையில் பாடினேன். எனக்கு அழுகை வராததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சி என்கிறாள் ஒருத்தி. விசுவாசம் என்கிறாள் இன்னொருத்தி. இரண்டும் இல்லை. உள்ளே கை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 2, செவ்வாய்

சாயங்காலம் படி இறங்கும்போது பல் டாக்டர் வாசல் பெஞ்சில் சங்கவி உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பல் வலிக்காரர்களுக்கு நடுவில் அவளுக்கு மட்டும் கட்டு வேறு இடத்தில் இருந்தது. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

மேலே ஏறிப்போய்ப் பின் படி வழியாக இறங்கினேன். அங்கே குப்பை போடுவார்கள். செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டது.

ஜூலை 3, புதன்

ஃபிரெண்ட் இன்னும் ஆறு வாக்கியத்தோடு நிற்கிறது.  துரைக்கண்ணு சார் பெட்டியைத் தினமும் ஒருமுறை திறந்து மூடுகிறார்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டேஷனில் பெனியின் பொருட்களைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கவரில் கம்மல், கைக்கடிகாரம், போன். போனின் முகம் முழுக்க நொறுங்கியிருக்கிறது. இவர் உடனே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருக்கும், வண்டியை யார் ஓட்டினார்கள் என்று அதில் தெரியும் என்றார்.

அவர் திரும்பி வரும்வரை நான் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். நாளைக்கு வெங்காயம் தேவையில்லை. உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஏழு மணிக்கு வந்தார். போன் செத்துப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் போனை வேட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக இருந்தது. இப்படி எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது உண்மை.

ஜூலை 6, சனி

நூற்றுத் தொண்ணூறு இடம் முடிந்தது. குடையை விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

மனு தயார். டைப் அடித்து இரண்டு பக்கம். அப்பா கையெழுத்து மட்டும் போதாது, அம்மாவும் வந்து சொல்ல வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை போக வேண்டும்.

இவர் மூன்று வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்று மனுவை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனு இல்லாவிட்டால் இந்த மனுஷன் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது தோசையும் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

தலைவலி என்று மதியமே வந்துவிட்டேன். இவர் வெளியே போயிருந்தார். மூன்று மணிக்கு சங்கவி வந்தாள். அவர் போவதைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

பழைய இடத்தில் உட்காரப் போய், அது பெனியின் இடத்துக்கு எதிர் என்று நினைத்தாளோ என்னவோ, தரையில் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். இடது கையால் பிடித்தாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். பெனி சொல்லி எனக்கு முன்பே தெரியும். கட்டு பிரித்ததும் செப்டம்பரில் சேர வேண்டும். இந்த மாசக் கடைசிக்குள் போலீஸ் சான்று அனுப்ப வேண்டும். அவள் பேரில் வழக்கு விழுந்தால் சான்று கிடைக்காது, வேலை போய்விடும். அப்பா ஆட்டோவை விற்றுத்தான் படிக்கவைத்தார், இப்போது ஓட்டுவது வாடகை வண்டி. இதையெல்லாம் கெஞ்சாமல், வார்டில் நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள்.

"அங்கிள் என்னைத் திட்டுறது எனக்குப் பெருசில்ல ஆன்ட்டி. நான் ஓட்டலைன்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும். உங்களுக்குத் தெரியும்ல."

நாய் குறுக்கே வந்ததாமே என்று கேட்டேன். 

ஆமாம் ஆன்ட்டி, வந்தது என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேற எதையும் யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி. சொல்லவும் மாட்டேன்."

இவர் வருகிற நேரம், நீ கிளம்பு என்றேன். டம்ளரை ஒற்றைக் கையால் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் அவள் எப்போதும் அப்படித்தான், தன் டம்ளரைத் தானே கழுவுவாள்.

ஜூலை 10, புதன்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கேஸ் புக் பண்ணினேன்.

ஜூலை 11, வியாழன்

ஸ்டேஷனில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். ஏட்டு நல்ல மாதிரி. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளாம். மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டிய யார் ஓட்டினதுன்னு உங்களுக்கு நேரடியா ஏதாவது தெரியுமாம்மா?"

தெரியாது என்று தலையாட்டினேன். உங்கள் மகளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியுமா என்றார். அதற்கும் அதே தலையாட்டல்.

கையெழுத்துப் போட்டேன். ஆ. செலின் என்று தெளிவாகவே விழுந்தது.  வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கல்யாணமான புதிதில் செய்தது.

ஜூலை 13, சனி

இன்று துரைக்கண்ணு சார் கார்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

வருகிற வாரம் அந்தப் பகுதி அச்சுக்குப் போகிறது. அவருக்கு ஒரு கார்டு குறைந்தால் சோறு இறங்காது. காலையிலிருந்து எல்லாப் பெட்டியையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். எக்ஸ் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதில் மொத்தமே இருபத்தெட்டு கார்டுதான். அவர் எண்ணியபோது இருபத்தொன்பது இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று எட்டரைக்கே போய் அதை அங்கே வைத்தது நான்தான். கிழித்துப் போட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கார்டுகூடக் கிழித்ததில்லை, கை வரவில்லை.

என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். என் எழுத்து. வாக்கியத்தின் தமிழ் இது: 'என் தோழி தன் வண்டியை என்னிடம் கொடுத்து ஓட்டச் சொல்வாள்.' கீழ் மூலையில்: பெனிட்டா சொன்னது. போனில். வண்டி ஓட்டிக்கொண்டு. 14.6. மாலை 5.20.

'வண்டி ஓட்டிக்கொண்டு' என்று எழுதியது நான். எங்கே சொன்னது என்று குறிக்க வேண்டும், அதுதான் சட்டம், குறித்தேன்.

துரைக்கண்ணு சார் முழுவதும் படித்திருக்கிறார். செய்தித்தாளில் விபத்து நேரம் ஐந்து இருபத்தைந்து என்று வந்ததையும் அவர் படித்திருப்பார், அச்சில் வந்த எதையும் விடுகிறவர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏழுலயும் இதுதாம்மா நல்ல வாக்கியம்."

அவ்வளவுதான் சொன்னார். கார்டைப் பைக்குள் வைத்து எடுத்து வந்தேன். வெளியே கார்டு கொண்டுபோகக் கூடாது என்பதும் சட்டம். அவர் அந்த நேரம் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை. கோயில் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் சங்கவியும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். கோயிலுக்குப் பழக்கமில்லாதவர்கள், எல்லோரும் முழங்கால் போட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபடியே இருந்தார்கள். இவர் பார்த்துவிட்டார். பூசை முடிந்ததும் நேரே அவர்களிடம் போனார். கூட்டம் விலகியது.

"உன்னை உள்ள வைக்காம விட மாட்டேன். இங்க வந்து நின்னு அழுதா ஆச்சா?"

சங்கவி என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். அப்போதுகூட அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பா இவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு, காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, பூசைச் சேலையைக்கூட மாற்றாமல், கார்டை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். படித்தார். புரியவில்லை. மறுபடி படித்தார்.

பிறகு சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவரிடம் சொன்னதைவிடச் சரியாக எழுதுகிறேன்.

அன்று ஃபிரெண்டுக்கு ஆறு வாக்கியம் சேர்ந்துவிட்டது. மேட், கம்பேனியன் என்று அதே அர்த்தத்தில் வரும் மற்ற ஆங்கிலச் சொற்களும் எழுதியாயிற்று. பக்கத்தை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள் என்று பெனியைக் கேட்பது வழக்கம். எத்தனையோ சொல்லுக்குக் கேட்டிருக்கிறேன், என் பாதி வேலையை அவள்தான் செய்தாள். கூப்பிட்டேன். எடுத்தாள். காற்று இரைந்தது.

"வண்டி ஓட்டுறேம்மா. போன் ஸ்டாண்டுல இருக்கு, ஸ்பீக்கர்ல பேசுறேன். கல்லணை போய்ட்டுக் கூப்பிடவா?"

ஒரே நிமிஷம்தான், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வை என்றேன்.

சிரித்தாள். பின்னால் சங்கவியிடம், உன்னைப் பத்திச் சொல்லவாடி என்று கேட்டாள். அவளும் சிரித்தாள். பெனி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான் எழுதி முடிக்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றேன். இரண்டாம் தடவை பாதியில் ஒரு சத்தம். அடுக்கிவைத்த தட்டு சரிந்தமாதிரி. லைன் கட்டானது.

நாய் எதுவும் குரைக்கவில்லை. அது என் போனை மறைக்கச் சங்கவி எனக்காகக் கொண்டுவந்த நாய்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். முதல் தடவை சொன்னது போதும் என்று வாக்கியத்தை முடித்தேன். சுவரில் மணி பார்த்து, மூலையில் 5.20 என்று போட்டேன். பதிவேட்டில் டிக் அடித்தேன். அடுத்த சொல்லுக்குக் கார்டு எடுத்து மேலே தலைப்பு எழுதினேன். ஆறு பத்துக்குத்தான் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நடுவில் ஐம்பது நிமிஷம் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் கத்தவில்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நின்றேன். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். கியர் வண்டி எப்போது கற்றாள் என்று கேட்டார். மார்ச்சில் என்றேன். நன்றாக ஓட்டுவாளா என்றார். நன்றாக ஓட்டுவாள் என்றேன். பிறகு கார்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

கார்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து பெனி அறைக்குள் போனார். அங்கிருந்து சத்தம் வந்தது. முப்பது நாளில் அவர் அழுது நான் கேட்டது இதுதான் முதல் தடவை. மனு அவரை அழவிடாமல் வைத்திருந்திருக்கிறது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரவில்லை. சேலை மட்டும் கசங்கிப்போனது.

ஜூலை 15, திங்கள்

ஸ்டேஷனுக்கு நான் தனியாகப் போகலாம் என்று கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது இவரும் சட்டையோடு வந்து நின்றார். பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கவில்லை. கடந்த பிறகு நான் வந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தார்.

ஏட்டு சலித்துக்கொண்டார். போன வாரம் தெரியாது என்றீர்கள், இந்த வாரம் மணியோடு சொல்கிறீர்கள் என்றார். பொய் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார். போன் கம்பெனியில் அழைப்புக் கணக்கு வாங்கிச் சரிபார்ப்போம், மனு நிற்காது, அந்தப் பெண்ணின் சான்றுக்குத் தடை இருக்காது என்றார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்து நூலால் கட்டினார். அது ஆபீஸ் சொத்து என்றேன். இனிமேல் இது சர்க்கார் சொத்து என்றார்.

கடைசியில், போன் பேசினதுக்காக உங்கமேல வழக்கு ஒன்றும் வராதும்மா, பயப்படாதீங்க என்றார். வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

குடையை மாற்றினேன். இருநூற்றுப் பதினான்கும் முடிந்தது.

ஜூலை 18, வியாழன்

கார்டு இல்லாத வாக்கியம் அச்சுக்குப் போகக் கூடாது. ஏழாவது கார்டு போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் பக்கம் போக வேண்டும், புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள் என்றார் துரைக்கண்ணு சார். நம்முடைய டிசைனரின் மகனைக் கேட்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

போனை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு நானாக யாரையும் கூப்பிட்டதில்லை. சங்கவி எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

வண்டிச் சத்தம் கேட்டது. 

"எங்க இருக்க? வண்டியிலயா?"

நடந்து போகிறேன் ஆன்ட்டி, பாலக்கரை ரோட்டில், சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"ஓரமா நில்லு. நின்னுட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தேன். ஒரு பஸ் போனது. பிறகு சத்தம் குறைந்தது, ஏதோ கடைக்குள் ஏறியிருப்பாள்.

"நின்னுட்டேன் ஆன்ட்டி."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மேசையில், பேனாவைக் கையில் பிடித்தபடி. முப்பத்து நான்கு நாளும் சேர்ந்து வந்தது. துரைக்கண்ணு சார் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சங்கவி போனை வைக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. முடிந்த பிறகு என்ன சொல்லுக்கு ஆன்ட்டி என்று கேட்டாள். சொன்னேன்.  பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள், மெதுவாக, நான் எழுத நேரம் விட்டு. ஒரே தடவையில் எழுதிக்கொண்டேன்.

கார்டின் மூலையில் குறித்தேன்: சங்கவி சொன்னது. போனில். 18.7. காலை 11.10. நின்றுகொண்டு.